நூறு மூட்டை நெல்லில் யாருக்கு எத்தனை?

ஒரு வேலி நஞ்சை. ஒரு போகத்துக்கு நூறு மூட்டை நெல் காண்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிலம் ஒருவர் பெயரில் இருக்கிறது. உழுது, நாற்று விட்டு, நட்டு, களை பறித்து, அறுத்துக் களம் சேர்த்தவர்கள் வேறு சிலர். நூறில் யாருக்கு எத்தனை மூட்டை? ஏன்?

அரசியல் அறிவியல் படிக்க வரும் முதலாண்டுப் பிள்ளைகளிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். திருவாரூர் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் பல ஆண்டுகளாக அரசியல் சித்தாந்தங்கள் பாடம் நடத்துகிறேன். பாடநூலில் தாராளவாதம், பழமைவாதம், மார்க்சியம், காந்தியம், பெண்ணியம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. வரையறை, இயல்புகள், விமர்சனம் என்று ஐந்தைந்து பாயிண்டாக உருப்போட்டு எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். ஆனால் உருப்போட்டது தேர்வு மண்டபத்தோடு சரி. நெல் கணக்கைக் கேட்டுப் பாருங்கள், வகுப்பே நிமிர்ந்து உட்காரும். பாதிப் பேர் வீட்டில் அந்தக் கணக்கு நடந்திருக்கிறது.

"பாதிக்குப் பாதி, மேடம்" என்று ஒரு குரல் வரும். "நிலம் அவங்களோடதுன்னா அவங்க சொல்றதுதானே கணக்கு?" என்று இன்னொன்று. பின்வரிசையிலிருந்து யாராவது ஒருவர் கேட்பார்: "அந்த நிலம் அவங்களுக்கு எப்படி வந்துச்சு மேடம்?" அந்தக் கேள்வி விழுந்ததும் பாடம் தொடங்கிவிடுகிறது.

சித்தாந்தம் என்பது கட்சிக் கொடியின் நிறம் அல்ல. இப்படிப்பட்ட ஒரு கேள்விக்கு, மனிதர்களைப் பற்றிய ஒரு நம்பிக்கையிலிருந்து தொடங்கி, காரண காரியத்தோடு ஒருவர் சொல்லும் பதில் அது. அந்தப் பதில் சட்டமாகிறது, கூலியாகிறது, பட்டாவில் பெயராகிறது. ஆகவே சித்தாந்தங்களைப் புத்தகத்தில் மட்டும் படித்தால் பாதிதான் படித்திருக்கிறோம். அவை மண்ணில் என்ன செய்தன என்று பார்த்தால்தான் மீதியும் விளங்கும். அதற்குப் பழைய தஞ்சை மாவட்டத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. உலகத்தின் பெரிய சித்தாந்தங்களில் பெரும்பாலானவை, ஒருவர் ஆயுள் காலத்துக்குள், இந்த வயல்களில் தங்கள் பதிலைச் சொல்லிப் பார்த்திருக்கின்றன.

களத்துமேட்டில் ஜான் லாக்

என் அப்பா கோயில் நிலத்தில் குத்தகைச் சாகுபடி செய்தவர். அறுவடை நாளில் களத்துமேட்டில் நெல்லைத் தூற்றிப் பொலியாகக் குவித்திருப்பார்கள். கோயில் கணக்கர் குடையோடு வந்து நிற்பார். மரக்காலால் அளப்பவர் "லாபம், ரெண்டு, மூணு" என்று ராகம் போட்டு எண்ணுவார். மரக்காலைத் தலைதட்டி அளப்பதா, கோபுரமாகக் குவித்து அளப்பதா என்பதில் பெரிய சண்டையே வரும். ஒரு மரக்காலுக்கு ஒரு கை நெல் கூடினாலும், முழுப் பொலியும் அளந்து முடிவதற்குள் மூட்டைக் கணக்கில் வித்தியாசம் வந்துவிடும். வண்ணார், நாவிதர், கொல்லர், வெட்டியான் எல்லோரும் தங்கள் பங்குக்கு ஓரமாகக் காத்திருப்பார்கள். எதற்கும் எழுத்து கிடையாது. மாமூல்தான் சட்டம்.

இங்கிலாந்தின் ஜான் லாக் 1689-ல் வெளியிட்ட நூலில், சொத்துரிமை எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். இயற்கையில் பொதுவாகக் கிடப்பதோடு ஒருவர் தன் உழைப்பைக் கலக்கும்போது அது அவருடையதாகிறது, மற்றவர்களுக்கும் போதிய அளவு, அதே தரத்தில் மிச்சம் இருக்கும்வரை அது நியாயம் என்றார். மன்னர் கொடுத்ததால் சொத்து வரவில்லை, உழைப்பால் வந்தது. ஆகவே மன்னர் அதில் கைவைக்க முடியாது. தாராளவாதத்தின் வேர் இது. பேச்சுரிமை, நீதிமன்றம், வாக்கு என்று இன்று நாம் இயல்பாக எடுத்துக்கொள்ளும் பலவும் இந்த வேரிலிருந்து கிளைத்தவை.

இதை விளக்கியதும் வகுப்பில் யாராவது பரபரப்பாகச் சொல்வார்கள்: "அப்ப நிலம் உழுதவங்களுக்குத்தான் மேடம்!" அதே அத்தியாயத்தில், தன் வேலைக்காரன் வெட்டிய புல்லும் தனக்கே சொந்தம் என்று லாக் எழுதியிருப்பதை அப்போது எடுத்துக் காட்டுவேன். கூலி கொடுத்தாயிற்று என்றால் உழைப்பும் கொடுத்தவருடையது. உழுத பண்ணையாளும் லாக்கைச் சாட்சிக்கு அழைக்கலாம், மிராசுதாரரும் அழைக்கலாம். ஒரே சித்தாந்தத்துக்குள் இரண்டு நியாயங்கள் மல்லுக்கட்டுவதைப் பிள்ளைகள் முதன்முதலாகக் காணும் இடம் அது.

பழமைவாதத்தின் நல்ல முகம்

பழமைவாதம் என்றாலே முகம் சுளிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை அதன் வலுவான வடிவத்தில் கேட்க வேண்டும். பிரெஞ்சுப் புரட்சியைப் பார்த்து எட்மண்ட் பர்க் 1790-ல் எழுதினார்: சமுதாயம் என்பது இன்று உயிரோடிருப்பவர்களின் தனி ஒப்பந்தம் அல்ல; இறந்தவர்களும் இனிப் பிறக்கப்போகிறவர்களும் அதில் பங்காளிகள். காவிரிக் கரையில் இதைப் புரிந்துகொள்வது எளிது. விளக்கெரிக்கவும் நைவேத்தியத்துக்கும் என்றோ ஒருவர் எழுதிவைத்த நிலம் இன்றும் கோயிலுக்கு நெல் அளக்கிறது. எழுதிவைத்தவர் இல்லை. அவர் வாக்கு இருக்கிறது. அதை ஒரே நாளில் அழித்தெழுத நமக்கு என்ன உரிமை என்று கேட்பவரிடம் மரியாதையோடு வாதாடித்தான் ஆக வேண்டும்.

பர்க் இன்னொன்றும் சொன்னார். மாறத் தெரியாத அரசு தன்னைக் காத்துக்கொள்ளவும் தெரியாத அரசு. இதற்குத் தஞ்சையில் ஓர் அருமையான சான்று இருக்கிறது. 1952-ல் முதலமைச்சராக வந்த ராஜாஜி, கம்யூனிஸ்டுகளே தன் முதல் எதிரி என்று வெளிப்படையாக அறிவித்தவர். அந்த ராஜாஜியின் அரசுதான் அதே ஆண்டு ஆகஸ்டில் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பண்ணையாள்களையும் குத்தகைதாரர்களையும் நினைத்தபோது வெளியேற்றுவதற்கு அது தடை போட்டது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்று வரையறுத்தது. நம் கணக்கில் நூறுக்கு நாற்பது மூட்டை. மிராசுதாரர்கள் கொதித்துப்போனார்கள். கொந்தளிப்பு புரட்சியாக வெடிப்பதற்குள் நியாயத்தில் கொஞ்சமாவது செய்து ஒழுங்கைக் காப்பது என்பதுதான் அறிவுள்ள பழமைவாதத்தின் இலக்கணம்.

அதே ராஜாஜி 1959-ல், எண்பது வயதில், சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். நாகபுரி காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறையைத் தீர்மானித்ததுதான் உடனடிக் காரணம். சின்ன விவசாயியின் கையில் இருக்கும் இரண்டு ஏக்கர்தான் அவருடைய சுதந்திரம். அதை அரசுக் கூட்டுறவில் கரைத்தால் அவர் அதிகாரிக்கு அடிமையாவார் என்பது அந்தக் கட்சியின் வாதம். பண்ணையாளைக் காத்தவரும் கூட்டுறவுப் பண்ணையை எதிர்த்தவரும் ஒருவரே. முத்திரை குத்தி ஒதுக்கிவிட்டால் இந்த மனிதரைப் புரிந்துகொள்ள முடியாது.

கேள்வியையே மாற்றியவர்கள்

நூறு மூட்டையை எப்படிப் பிரிப்பது என்பதே தவறான கேள்வி என்றார் கார்ல் மார்க்ஸ். நிலமும் கருவியும் ஒரு சிலர் கையில் இருக்கும்வரை பங்கு எவ்வளவு கூடினாலும் உழைப்பவர் உழைப்பை விற்றுத்தான் பிழைக்க வேண்டும். யாருக்கு எத்தனை என்று கேட்காதே, உடைமை ஏன் அவரிடம் இருக்கிறது என்று கேள். மார்க்ஸும் எங்கெல்ஸும் 1848-ல் வெளியிட்ட கம்யூனிஸ்ட் அறிக்கையை 1931-ல் தமிழில் கொண்டுவந்தது பெரியாரின் 'குடி அரசு'. கம்யூனிஸ்ட் கட்சி இங்கே வேர்விடுவதற்கு முன்பே இன்னோர் இயக்கத்தின் ஏடு அந்த வேலையைச் செய்தது. சித்தாந்தங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கியே வளர்கின்றன.

1940-களில் கன்னடம் தாய்மொழியான கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் கீழத்தஞ்சையில் தங்கி, சேரி சேரியாக நடந்து விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டினார். அப்போது அங்கே தண்டனை என்றால் சாட்டையடியும் சாணிப்பாலும். மாட்டுச் சாணத்தைக் கரைத்து மனிதர் வாயில் ஊற்றுவதுதான் சாணிப்பால். செங்கொடிச் சங்கம் முதலில் நிறுத்தியது அதைத்தான். கூலி அதற்குப் பிறகு வந்தது. மணலூர் மணியம்மாள் வைதிகக் குடும்பத்தில் பிறந்த விதவை. தலைமுடியைக் கிராப் வெட்டிக்கொண்டு, வேட்டி கட்டி, அந்தத் தொழிலாளர்களுக்காக ஊர் ஊராகப் போனார். ஒரு சித்தாந்தம் மனிதரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இவர்களைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

காமராஜர் ஆட்சியில் 1956-ல் வந்த நியாயக் குத்தகைச் சட்டம் நஞ்சையில் உடையவர் பங்கை நூறுக்கு நாற்பதாக்கியது. நான்கே ஆண்டுகளில் உழுதவரின் நாற்பது அறுபதானது. பின்னாளில் உடையவர் பங்கு 25 ஆகக் குறைந்தது. 1961-ல் நில உச்சவரம்பு ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வந்தது; 1970-ல் தி.மு.க. அரசு அதை 15 ஆக்கியது. விதிவிலக்குகளும் பினாமிப் பெயர்களும் அந்தச் சட்டத்தை ஓட்டையாக்கின. சட்டம் எழுதுவது ஒரு போராட்டம் என்றால் அதை வயலுக்குக் கொண்டுவருவது இன்னொன்று. 1969-ல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்த பிறகுதான் என் அப்பாவின் பெயர் ஓர் அரசாங்கப் பதிவேட்டில் ஏறியது. அந்தப் பதிவின் நகலைப் பெட்டியில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருந்தார். அது சொத்து அல்ல. ஆனால் இனி யாரும் அவரை வயலிலிருந்து எழுந்து போ என்று சொல்ல முடியாது.

சாதியை எந்தக் கணக்கில் எழுதுவது?

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கூலி உயர்வும் செங்கொடிச் சங்கமும்தான் பின்னணி. குற்றம் சாட்டப்பட்ட நில உடைமையாளர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973-ல் விடுவித்தது. வெண்மணிக்கு அடுத்த ஆண்டு, 1969-ல், விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

வெண்மணியைச் சொல்லும்போது என் வகுப்பில் ஒரு விவாதம் வராமல் போகாது. இறந்தவர்கள் கூலிக்காரர்கள் என்பதால் எரிக்கப்பட்டார்களா, தலித்துகள் என்பதால் எரிக்கப்பட்டார்களா? வர்க்கம் என்கிறது மார்க்சியம். கூலி கேட்ட இடைச்சாதிக்காரரை இப்படிப் பூட்டி எரித்திருப்பார்களா என்று திருப்பிக் கேட்கிறது அம்பேத்கரியம். அம்பேத்கர் 1947-ல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில், விவசாய நிலம் முழுவதையும் அரசு எடுத்து, சாதி வேறுபாடு பார்க்காமல் கிராமத்தாருக்குக் கூட்டுப் பண்ணையாகக் குத்தகைக்கு விட வேண்டும் என்றார். குத்தகைச் சட்டங்களால் நிலமில்லாத தீண்டப்படாத மக்களுக்குப் பயனில்லை, கூட்டுப் பண்ணைதான் உதவும் என்பது அவர் வாதம். ஒருவர் யாருக்குப் பிறந்தார் என்பதை வைத்தே உழைப்பைப் பிரித்து வைத்திருக்கும் சாதியை முதலில் உடைக்க வேண்டும் என்பது பெரியாரின் வழி. இவை ஐரோப்பியப் புத்தகங்களுக்கு எழுதிய அடிக்குறிப்புகள் அல்ல. லாக்கும் மார்க்ஸும் கண்டிராத ஒன்றைக் கண்டு சொன்ன தனிச் சிந்தனைகள்.

வெண்மணிக்குப் பிறகு அந்தப் பகுதிக்கே வந்து தங்கினார்கள் காந்தியர்களான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். நிலம் வைத்திருப்பவர் மனம் மாறும் என்பது அவர்கள் நம்பிக்கை. 1951-ல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபா தொடங்கிய பூதானம் என்ற நிலக்கொடை இயக்கத்தில் வேலை செய்தவர்கள். 1981-ல் லாப்டி அமைப்பைத் தொடங்கி, நில உடைமையாளரிடம் பேசி விலை முடித்து, கடன் ஏற்பாடு செய்து, நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு ஆளுக்கு ஓர் ஏக்கர் அளவில் வாங்கிக் கொடுத்தார்கள். பத்திரத்தைப் பெண்கள் பெயரில் எழுதினார்கள்.

அந்தக் கடைசி வரியை நான் அழுத்திச் சொல்வேன். உடையவரின் மேல்வாரம், உழுதவரின் குடிவாரம் என்று இத்தனை வாதத்திலும் நாற்று நட்டவள் பெயர் எங்கேயும் இல்லை. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு 1989-ல் சட்டமானது, இந்தியா முழுமைக்கும் 2005-ல். தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே 60 ஆண்டுகள். பெண்ணியம் புதிதாக வந்த மோஸ்தர் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

ஒவ்வொன்றும் கேட்ட விலை

சித்தாந்தத்தின் அழகை மட்டும் சொல்லித் தருவது துரோகம். அது விட்டுச்சென்ற பிணங்களையும் எண்ண வேண்டும்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம். சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்ற கொள்கையில் ஊறிய ஆட்சி, தானிய வணிகத்தைத் தன்போக்கில் விட்டது. மக்கள் செத்துக்கொண்டிருக்கும்போதே கப்பலில் தானியம் ஏறியது. நிவாரணப் பணியில் கல்லுடைத்தவருக்கு நாள் கூலியில் தரும் தானியத்தை பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம், போதும் என்று குறைத்தார். லட்சக்கணக்கில் இறந்தார்கள். 1932-33-ல் உக்ரைனில் ஸ்டாலினின் ஆட்சி கூட்டுப் பண்ணையைத் திணித்து, விளைந்த தானியத்தைப் பறித்துச் சென்றது. அங்கேயும் லட்சக்கணக்கில் இறந்தார்கள். ஒன்று சந்தையை நம்பிய பஞ்சம், மற்றது அரசை நம்பிய பஞ்சம். இரண்டிலும் கொள்கை சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக மனிதர் சாகலாம் என்று முடிவு செய்தவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டவர்கள்.

1933 செப்டம்பரில் நாஜி ஜெர்மனி ஒரு பண்ணை நிலச் சட்டம் போட்டது. கடனுக்குப் பண்ணையைப் பறிமுதல் செய்ய முடியாது, பரம்பரையாகக் குடும்பத்திலேயே இருக்கும் என்று விவசாயிக்கு இனிப்பாகத் தொடங்கிய சட்டம், ஜெர்மன் ரத்தம் உள்ளவர் மட்டுமே விவசாயி என்று வரையறுத்தது. நெல் கணக்குக்கு ஃபாசிசம் சொல்லும் பதில் இதுதான்: எத்தனை மூட்டை என்று பேசாதே, உன் ரத்தம் என்ன என்று முதலில் காட்டு. மற்ற எல்லாச் சித்தாந்தங்களோடும் வாதாடலாம். வாதாடும் உரிமையையே பிறப்பைப் பார்த்துக் கொடுக்கும் சித்தாந்தத்தை அடையாளம் கண்டு விலக்கத்தான் வேண்டும்.

இப்போது வயலுக்கு இன்னொரு குரலும் வந்திருக்கிறது. கடலோரத்து இறால் பண்ணைகள் நிலத்தடி நீரை உப்பாக்குகின்றன என்று அதே ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் இறந்தபோது, மீத்தேன் வாயு எடுக்கும் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. உடையவர், உழுதவர் என்ற இருவரோடு மண்ணும் ஒரு தரப்பாக வந்து உட்கார்ந்திருக்கிறது. சூழலியத்தின் பதில் இதுதான்: நூறு மூட்டையில் நிலத்துக்கே ஒரு பங்கு விட்டுவை.

எப்படிப் படிப்பது?

எந்தச் சித்தாந்தத்தை எடுத்தாலும் நான்கு கேள்விகள் போதும் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மனிதரைப் பற்றி அது என்ன நம்புகிறது? முதல் தீமை என்று எதைக் காட்டுகிறது? அதைத் தீர்க்க யாரை நம்புகிறது: அரசையா, சந்தையையா, மரபையா, மனசாட்சியையா, திரண்ட மக்களையா? அது ஆட்சிக்கு வந்த இடத்தில் விலை கொடுத்தது யார்?

அதற்குப் பிறகு இடம் மாற்றி உட்கார வைப்பேன். மிராசுக் குடும்பத்துப் பையன் சீனிவாச ராவின் கட்சியைப் பேச வேண்டும். தாத்தா பண்ணையாளாக இருந்த பெண் சுதந்திராக் கட்சியைப் பேச வேண்டும். ஒரே விதி: எதிர்த்தரப்பு "ஆமாம், எங்கள் வாதம் இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி முதலில் சொல்லிக் காட்டிய பிறகே மறுக்கலாம். ஒருமுறை அப்படிப் பேசிய பெண் முடித்துவிட்டுச் சொன்னாள்: "மேடம், எங்க தாத்தாவுக்கு ரெண்டு ஏக்கர் இருந்திருந்தா அவரும் இதைத்தான் பேசியிருப்பாரு. அதனாலதான் அவருக்கு ரெண்டு ஏக்கர் வேணும்னு நான் இன்னும் கெட்டியா கேப்பேன்." எதிர்த்தரப்பின் நியாயத்தைக் கேட்டதால் அவள் கொள்கை தளரவில்லை. உறுதிப்பட்டது.

இன்று அரசியல் நம்மிடம் முகங்களாகத்தான் வருகிறது. இவரா, அவரா என்று கேட்கிறார்கள். போஸ்டரில் இருக்கும் முகத்திடம் நூறு மூட்டையைப் பற்றிக் கேட்க முடியாது; கொள்கையிடம் கேட்கலாம், பதிலைச் சட்டத்தோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். கொள்கையைப் படித்தவர் தன் தலைவரைக் கேள்வி கேட்பார். படிக்காதவர் அவருக்காக அடுத்த தெருக்காரரோடு மல்லுக்கு நிற்பார். இந்த வித்தியாசத்தில்தான் ஜனநாயகம் நிற்கிறது, விழுகிறது.

ஆகவே வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். எந்தச் சித்தாந்தத்தை அதிகம் வெறுக்கிறீர்களோ அதிலிருந்து தொடங்குங்கள். அதை எதிர்ப்பவர் எழுதியதை விட்டுவிட்டு, அதை நம்பி வாழ்ந்தவர் எழுதியதை எடுங்கள். வீட்டில் ஒருவரைக் கூட்டு சேர்த்துக்கொண்டு வாய்விட்டுப் படியுங்கள். படித்து முடித்தபின் நீங்கள் எப்போதும் வாக்களிக்கும் அதே கட்சிக்கே வாக்களிக்கலாம், தப்பே இல்லை. ஆனால் எதற்காக அளிக்கிறீர்கள் என்பதை, உங்களை எதிர்ப்பவரும் மதித்துக் கேட்கும்படி சொல்லத் தெரிந்திருக்கும்.